நீலப் பாக்கெட்டுக்குப் பதிலாக: சோயாப் பால், கடலைத் தயிர், மீல் மேக்கர் கோலா

எங்கள் வீட்டில் பாலைக் குறைக்கச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மகள். சென்னை ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் வீகன் ஆகிவிட்டாள்; பால், தயிர், நெய், முட்டை, கறி எதுவும் கிடையாது. இன்னொருவர் வயிற்று டாக்டர். காபி குடித்த கையோடு எனக்கு வயிறு உப்பிக்கொண்டு வருவதற்குக் காரணம் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாததுதான் என்றார். பாலில் இருக்கும் அந்தச் சர்க்கரையை உடைக்கிற லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். இந்தியாவிலும் வடக்கைவிடத் தெற்கில் இது அதிகம். தயிர் எனக்கு அவ்வளவாகத் தொந்தரவு தருவதில்லை. உறையும்போது பாக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. காபிதான் பிரச்சினை.

இதைக் கையில் எடுத்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: பாலுக்குப் பதில் என்ன என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான விடை வராது. காபிக்கு என்ன, தயிர் சாதத்துக்கு என்ன, குழம்புக்கு என்ன, எலும்புக்கு என்ன என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பயறு, வேறு வேறு வேலை. கடையில் ஒரே டப்பாவை வாங்கி எல்லாவற்றுக்கும் ஊற்றுபவர்கள் சீக்கிரமே வெறுத்துப்போய் ஆவின் நீலப் பாக்கெட்டுக்குத் திரும்பிவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டப்பாவின் விலையும் ஒரு காரணம். சோயா டப்பாவே லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டுகிறது. பாதாம், ஓட்ஸ் என்றால் இருநூறு, முந்நூறு. பாதாம் பாலை மகள் முதலில் வாங்கி வந்தாள். அதில் புரதம் நூறு மில்லிக்கு அரை கிராம் இருந்தால் பெரிது. மீதி தண்ணீர், கொஞ்சம் கொழுப்பு, கெட்டிப்படுத்தப் பசை. உலகத்துப் பாதாமில் முக்கால் பங்குக்கும் மேல் கலிபோர்னியாவில் விளைகிறது. அங்கேயோ தண்ணீர்ப் பஞ்சம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் நெமெசெக்கும் 2018-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஒரு லிட்டர் பாதாம் பாலுக்குச் சுமார் 370 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். சோயாவுக்கு 28 லிட்டர். மாட்டுப் பாலுக்கு 628. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவன் நான். பாதாம் பால் என்ற பேச்சை அந்த இடத்திலேயே முடித்துவிட்டேன்.

அதே ஆய்வில் வெப்ப வாயுக் கணக்கும் இருக்கிறது. உலகச் சராசரியில் லிட்டர் மாட்டுப் பாலுக்குக் கரியமில வாயு அளவில் சுமார் 3 கிலோ, சோயாப் பாலுக்குச் சுமார் 1 கிலோ. நம் ஊர் மாடு வைக்கோலும் தவிடும் பிண்ணாக்கும் தின்று வளர்கிறதே, அதை வெளிநாட்டுப் பண்ணை மாட்டோடு சேர்த்துப் பேசலாமா என்று என் மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அசை போடும் மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேன், வைக்கோல் தின்றாலும் உண்டாகத்தான் செய்யும். நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் மட்டும் கறக்கிற மாடு என்றால், ஒரு லிட்டரின் தலையில் விழும் மீத்தேன் இன்னும் கூடும். இன்னொரு பக்கம், அந்த மாடுதான் ஒரு குடும்பத்துக்குத் தினசரி வருமானம். இதைப் பேசித் தீர்க்க நம்மால் முடியாது. அடுப்படிக்குப் போவோம்.

சோயாப் பால்

மஞ்சள் சோயா பயறு எங்கள் ஆதம்பாக்கம் மளிகைக் கடையில் கிலோ 110 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் மழையை நம்பி விளைகிற பயிர் இது. சோயா என்றதும் அமேசான் காட்டை அழிக்கிறார்களே என்பார்கள். அழிப்பது உண்மை, ஆனால் உலகத்தில் விளையும் சோயாவில் பெரும்பகுதி கோழி, பன்றி, மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகிறது. மனிதன் நேராகச் சாப்பிடுவது சிறு பங்கு.

என் அளவு: 200 கிராம் பயறு, மொத்தம் 2 லிட்டர் தண்ணீர். கிடைப்பது ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பயறு விலை 22 ரூபாய். கேஸ் செலவைச் சேர்த்தாலும் லிட்டர் இருபது ரூபாயைத் தாண்டாது.

முதலில் தண்ணீர். எங்கள் பகுதி போர் தண்ணீர் சரியான உப்பு. பக்கெட்டில் வெள்ளைப் படிவு நிற்கும். அந்தக் கடினத் தண்ணீரில் பயறு சரியாக ஊறாது, புரதமும் முழுசாகப் பாலில் இறங்காது, ஏனென்றால் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஊறவைப்பதற்கும் அரைப்பதற்கும் கேன் தண்ணீர்தான்.

ஊறும் நேரம் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி என்று எல்லாச் செய்முறையிலும் இருக்கும். அது குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. மே மாதச் சென்னையில் ஆறு மணி நேரம் போதும். அதற்கு மேல் விட்டால் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வரும். ராத்திரி ஊறப்போடுவதானால் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். ஊறியதா என்று பார்க்க ஒரு பயறை இரண்டாகப் பிளக்க வேண்டும். உள்பக்கம் சமதளமாக, ஒரே நிறமாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் குழியும் அடர் மஞ்சளும் தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. வாயுவைக் கிளப்புகிற ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

இனிமேல்தான் விஷயமே. சோயாப் பாலைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் சுளிப்பது அந்தப் பச்சை வாடைக்கு. அது பயறில் முன்பே இருப்பதில்லை. பயறு நசுங்கித் தண்ணீரும் காற்றும் படுகிற நொடியில், லிபாக்சிஜனேஸ் என்ற நொதி பயறிலுள்ள கொழுப்பைத் தாக்கி அந்த வாடையை உண்டாக்குகிறது. உண்டான பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும், ஏலக்காய் போட்டாலும் முழுசாகப் போகாது. அதனால் அரைப்பதற்கு முன்பே அந்த நொதியைச் சூட்டில் முடக்கிவிட வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1960களில் கண்டுபிடித்த வழி இது: கொதிக்கும் தண்ணீர் விட்டே அரைப்பது, 80 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல்.

வீட்டில் நான் செய்வது: ஊறிய பயறைக் கையால் கசக்கினால் தோல் கழன்று மிதக்கும், அதை வடித்துவிட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் பயறைக் கொட்டி ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேகவிட்டால் புரதம் பயறுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும், பால் நீர்த்துப்போகும். வடித்துவிட்டு உடனே மிக்ஸியில் போட்டு, புதிதாகக் கொதிக்கவைத்த தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். இங்கே எச்சரிக்கை: சுடு தண்ணீரோடு மிக்ஸியை ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. மூடியின் மேல் மடித்த துணியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். கிரைண்டர் இதற்குச் சரிப்படாது. அது நேரம் எடுக்கும், ஓடுகிற நேரமெல்லாம் மாவு ஆறும், காற்று வேறு கலக்கும்.

வடிகட்ட என் பழைய மல் வேட்டி ஒன்றை நான்காகக் கிழித்து வைத்திருக்கிறேன். டீ வடிகட்டி உதவாது, கண்ணி பெரிது. துணி மூட்டையைக் கரண்டிக் காம்பால் முறுக்கிப் பிழிந்தால் கையைச் சுடாமல் கடைசிச் சொட்டு வரை இறங்கும்.

பிழிந்த பாலைக் கொதிக்கவைக்க அடிகனமான, உயரமான பாத்திரம் வேண்டும். மாட்டுப் பால் பொங்கும் என்று நமக்குத் தெரியும். இது கொதிநிலைக்கு வெகு முன்பாகவே பொங்கும். பயறில் உள்ள சபோனின்தான் நுரைக்குக் காரணம். நுரை எழுந்ததைப் பார்த்து, கொதித்துவிட்டது என்று அடுப்பை அணைத்தால் பால் பச்சையாகவே இருக்கும். சோயாவில் டிரிப்சின் தடுப்பான்கள் இருக்கின்றன. புரதம் செரிப்பதைத் தடுத்து வயிற்றைக் கலக்கிவிடும். நுரை அடங்கி உண்மையாகக் கொதி வந்த பிறகு சிறு தீயில் பதினைந்து நிமிடம், அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பல் ஆகாது.

என் அம்மாவுக்கு இந்தப் பாலைக் கொடுத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, "பச்சைப் பட்டாணி வேகவெச்ச தண்ணி மாதிரி இருக்குடா" என்றார். அது குளிர்ந்த நீரில் அரைத்த பழைய முறைப் பால். சுடுநீர் முறைக்கு மாறிய பிறகு, பனங்கற்கண்டும் சுக்கும் போட்டுக் கொடுத்தால் ராத்திரியில் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

இதில் புரதம் சுமார் 3 சதவீதம், மாட்டுப் பாலை ஒட்டியது. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் தாவரப் பால்களில் இந்த விஷயத்தில் மாட்டுப் பாலுக்குச் சமமாக நிற்பது சோயாதான். ஆனால் சுண்ணாம்புச் சத்தில் அடிவாங்கும். மாட்டுப் பாலில் நூறு மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம். வீட்டுச் சோயாப் பாலில் அதில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. கடை டப்பாக்களில் தனியாகச் சேர்க்கிறார்கள், குலுக்காமல் ஊற்றினால் அடியில் தங்கிவிடும். வீட்டுப் பாலை நம்பியிருப்பவர்கள் கேழ்வரகையும் எள்ளையும் முருங்கைக்கீரையையும் தட்டில் ஏற்றியாக வேண்டும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் வாக்கில் இருக்கிறது. முளைகட்டினால், அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டிக் அமிலம் குறைந்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதன் ஆக்சலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பி12 விஷயத்தில் மழுப்பக் கூடாது. எந்தச் செடியிலும் நம்பத்தக்க அளவில் பி12 கிடையாது. இட்லி மாவு புளிப்பதில் கிடைக்கும், பழைய சோற்றில் கிடைக்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி மாத்திரையை விட்டால் கை கால் மரத்துப்போவதில் கொண்டுபோய் விடும். மகளுக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரை சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது. என் மனைவி தைராய்டு மாத்திரை போடுகிறவள்; சோயா அந்த மருந்து உடம்பில் ஏறுவதைக் குறைக்கும் என்பதால் விடியற்காலையில் மாத்திரை, சோயா எதுவானாலும் சில மணி நேரம் கழித்து என்று வைத்திருக்கிறோம். சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்ற வாட்ஸப் செய்தி எங்கள் குடும்பக் குழுவிலும் வந்தது. ஆண்களிடம் நடத்திய பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் எதையும் காணவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வீட்டில் செய்த எந்தத் தாவரப் பாலையும் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கென்று விற்கும் மாவுப் பாலுக்கோ பதிலாகக் கொடுக்கக் கூடாது.

காபி

ஃபில்டர் டிகாஷனைச் சூடான சோயாப் பாலில் ஊற்றினால் திரிந்துபோகும். பால் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம்; டிகாஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரட்டிவிடுகின்றன, அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க இல்லாமல், விரல் பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே பாலை வைத்துக்கொண்டு, டபராவில் முதலில் பால், பிறகு டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். லிட்டருக்கு ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்த்தால் நிச்சயம் தப்பிக்கும். கடையில் காபிக்கென்றே விற்கும் டப்பாக்களில் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதும் இதே புளிப்பை அடக்கத்தான். காபிக் கொட்டையைக் கருக வறுத்து, ரொபஸ்டா ரகத்தைக் கூட்டிக் கலக்கச் சொன்னால் புளிப்பு இன்னும் குறையும்.

இதோடு ஏழெட்டு முந்திரியை ஊறவைத்துப் பாலோடு சேர்த்து அரைத்துவிட்டால் காபிக்கு அந்தக் கொழுகொழுப்பு வந்துவிடுகிறது. ஆற்றினால் நுரைகூட நிற்கும்.

ஓட்ஸ் பாலையும் முயன்றேன். ஓட்ஸை அரைத்துச் சூடாக்கினால் கஞ்சியாகத்தான் ஆகும், மாவுச்சத்து அப்படி. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்து ரிக்கார்ட் ஓஸ்டே 1990களில் இதற்கு நொதியால் வழி கண்டார். ஓட்லி நிறுவனம் அதில் பிறந்ததுதான். அந்த நொதி கடையில் கிடைக்காவிட்டால் என்ன, நம் கேழ்வரகு முளையில் மாவுச்சத்தை உடைக்கிற அமிலேஸ் நொதி இருக்கிறதே! முளைகட்டி மொட்டை மாடியில் காயவைத்து, வறுக்காமல் திரித்த கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூனை, 60–65 டிகிரி சூட்டில் இருக்கும் ஓட்ஸ் கஞ்சியில் கலந்தேன். கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த கஞ்சி கண்ணெதிரே இளகி, தண்ணீராக வடிய ஆரம்பித்தது. சர்க்கரை போடாமலே இனிப்பு. அரை மணி வைத்து, ஒரு கொதி விட்டு நொதியை நிறுத்தி, வடிகட்டினால் ஓட்ஸ் பால். கடையில் வாங்கும் முளைகட்டிய மாவு பெரும்பாலும் வறுத்தது. வறுத்தால் நொதி செத்துவிடும். ஓட்ஸ் பாலில் புரதம் குறைவு, ஆகவே தினசரிக்கு அல்ல. ஆனால் டிகாஷனோடு சண்டை போடாத பால் இது.

வடிகட்டியதில் மிஞ்சும் சோயாச் சக்கையைத் தூக்கிப்போட மனசு வராது. நார்ச்சத்தும் கொஞ்சம் புரதமும் அதில் இருக்கின்றன. அடை மாவில் கலக்கலாம், மசால் வடையில் பாதி கடலைப்பருப்புக்குப் பதில் சேர்க்கலாம். என் வாக்கு பீன்ஸ் உசிலிக்கு: சக்கையை ஆவியில் வைத்து உதிர்த்து, காய்ந்த மிளகாய், பெருங்காயத்தோடு எண்ணெயில் முறுவலாகப் புரட்டினால் பருப்பு உசிலி என்று சொல்லியே பரிமாறலாம். ஈரச் சக்கை சென்னை வெயிலில் மதியத்துக்குள் கெட்டுவிடும், உடனே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும்.

தயிர்

தயிர்தான் கஷ்டம். காபியை விட்டுவிடலாம், தயிர் சாதத்தை விட முடியாது.

வெறும் சோயாப் பால் அழகாக உறையும், ஆனால் வெட்டினால் துண்டாக வரும். சோற்றில் பிசைந்தால் குழையாது. வெறும் நிலக்கடலைப் பால் குழையும், ஆனால் மேலே எண்ணெய் ஏடும் கீழே தண்ணீருமாகப் பிரியும். இரண்டையும் சரிபாதி கலந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடுகிறது. கடலையில் பால் எடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், பால் தட்டுப்பாட்டுக் காலத்திலேயே கடலைப் புரதத்தை எருமைப் பாலோடு கலந்து மில்டோன் என்று ஒரு பாலைத் தயாரித்தது.

பச்சை நிலக்கடலையை வாங்கியதும் தட்டில் பரப்பிப் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது, வாயில் போட்டால் கசப்பது எல்லாம் வெளியே. பூசணத்தில் உண்டாகும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு; வீட்டு அடுப்புச் சூட்டில் அது அழியாது. கொதிக்கத்தானே போகிறது என்று விடக் கூடாது.

நூறு கிராம் கடலையை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, தோலை உரித்து, அரை லிட்டர் தண்ணீரில் வெண்ணெய் போல அரைத்துத் துணியில் வடிகட்டுகிறேன். அதோடு அரை லிட்டர் கெட்டிச் சோயாப் பால், ஒரு ஸ்பூன் அரிசி மாவு கரைத்தது, அரை ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை நமக்கு அல்ல, பாக்டீரியாவுக்கு. இங்கே லாக்டோஸ் கிடையாதே. கிளறிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கவைத்து, இளஞ்சூட்டுக்கு ஆறவிட வேண்டும்.

உறைக்கு மோர் ஊற்றக் கூடாது, மகள் கண்டிப்பு. பச்சை மிளகாய்க் காம்பு கைகொடுக்கிறது. காம்பிலும் அதன் குல்லாயிலும் லாக்டிக் அமில பாக்டீரியா இயல்பாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவித் துடைத்த ஒரு பிடி காம்பைச் சின்னக் கிண்ணப் பாலில் முங்கும்படி போட்டு மூடி, அடுப்பு மேடையில் ஓரமாக வைத்தால் எட்டு மணி நேரத்துக்குள் இறுகும். மார்கழியில் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். இந்த முதல் தயிரில் மிளகாய் வாடையும் ஒருவிதக் காட்டுப் புளிப்பும் இருக்கும். அதைச் சாப்பிடாமல் உறையாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலில் விட்டு, அதிலிருந்து அடுத்தது என்று போகப் போக வாடை கழிந்து புளிப்பு சீராகிறது. இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ புள்ளி தெரிந்தால், வழவழவென்று நூல் விட்டால், மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி காம்பிலிருந்து தொடங்குகிறேன்.

வெறும் தயிராகச் சாப்பிட்டால் கடலை தெரியும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துச் சோற்றில் பிசைந்து மாதுளை உதிர்த்துவிட்டால் தெரியாது. நீர்மோராக அடித்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. "இதை மோர்னு சொன்னா நம்பிடுவாங்கப்பா" என்று மகள் அலுவலகத்துக்கே பாட்டிலில் எடுத்துப்போகிறாள். மோர்க் குழம்புக்கு மட்டும் கொதிக்கவிடாமல், நுரை கட்டியதும் இறக்க வேண்டும்.

நெய்க்கு மாற்றாக நான் எதையும் தேடவில்லை. நல்லெண்ணெய் இருக்கிறது, பருப்புப் பொடிக்கு அது நெய்யைவிடப் பொருத்தம்.

கறிக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி எடுப்பது உண்டு. அம்மா மதுரைப் பக்கம். கோலா உருண்டை என்றால் உயிர். மகளுக்கென்று தனியாக என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

பலாமூசு ஒரு வழி. சீசனில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கோயம்பேட்டுக்கு வருகிறது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும், பால் பிசின் லேசில் போகாது. வேகவைத்துப் பிய்த்தால் நார் நாராக, சுக்காவுக்கு அச்சு அசல். ஆனால் புரதம் இரண்டு மூன்று சதவீதம்தான். கறியின் தோற்றம் வரும், கறி செய்யும் வேலை நடக்காது.

உறைந்த டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் பனீர் மாதிரியான கட்டி, அதைவிட மேல். சோயாப் பாலை 80 டிகிரிக்குச் சூடாக்கி, எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து இரண்டு மூன்று தடவையாக விட்டு, ஒரே ஒரு முறை மெல்லக் கிளறி மூட வேண்டும். கால் மணியில் திரள் ஒதுங்கி, இளமஞ்சள் தண்ணீர் தெளியும். தெளியாமல் பால் போலவே இருந்தால் இன்னும் கொஞ்சம் சாறு. துணி விரித்த தட்டுக்கூடையில் ஊற்றி, மேலே அம்மிக் குழவியைப் பாரம் வைத்தால் கட்டியாகிவிடும். ஜப்பானில் இதற்கு நிகாரி சேர்ப்பார்கள். உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீர்தான் அது, மக்னீசியம் குளோரைடு. எப்சம் உப்பும் வேலை செய்யும், ஆனால் செடிக்கு விற்பதை வாங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் பேதியாகும், ஒரு காலத்தில் அதற்காகவே கொடுத்த உப்பு அது. உணவுத் தர ஜிப்சம் கிடைத்தால் போடுங்கள், டோஃபுவில் சுண்ணாம்புச் சத்தும் ஏறும்.

இந்த டோஃபுவை நறுக்கி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால், உள்ளேயிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிப் புரதத்தை ஒதுக்கிப் பொந்து பொந்தாக்கிவிடும். எடுத்து இளக்கி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அழுத்தினால் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் கக்கும். நிறம் சற்று மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். அதைச் சால்னாவில் போட்டால் மசாலாவை உறிஞ்சிக்கொண்டு, கடித்தால் பதமான எதிர்ப்புக் கொடுக்கும். பச்சை டோஃபு குழம்பில் வழுக்கிக்கொண்டு தனியாகவே கிடக்கும். உறைந்தது குழம்போடு சேரும்.

ஆனால் தினசரிக்கு என் தேர்வு மீல் மேக்கர்தான். கல்யாண பிரியாணியில் பார்த்துப் பார்த்து நமக்கு அதன் மேல் மரியாதை போய்விட்டது. எண்ணெய் எடுத்த சோயா மாவை எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் சூட்டோடும் அழுத்தத்தோடும் தள்ளி வெளியே விடும்போது அது பொரிந்து நார் பிடிக்கிறது. காய்ந்த நிலையில் பாதிக்கு மேல் புரதம். மாலில் உறையவைத்து விற்கும் போலிக் கறி பாக்கெட்டுகளைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் முதல் பொருளே சோயாப் புரதம்தான், கூடவே உப்பும் எண்ணெயும் தாராளமாக. விலையோ ஆட்டுக்கறியை எட்டிப் பார்க்கிறது. நான் அவற்றைத் தொடுவதில்லை.

மீல் மேக்கரை உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் ஏழு நிமிடம் வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒட்டப் பிழிய வேண்டும். மறுபடி சுடுநீர், மறுபடி பிழிவது. அந்தச் சோயா வாடை இருப்பது பிழிந்து வரும் மஞ்சள் தண்ணீரில்தான். இரண்டாவது முறை பிழியாதவர்கள்தான் மீல் மேக்கரைத் திட்டுகிறவர்கள். பிறகு மிக்ஸியில் தண்ணீரே இல்லாமல் இரண்டு சுற்று, கொத்துக்கறிப் பதம். சோம்பு, கசகசா, பட்டை, தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டை வதக்கி அரைத்துச் சேர்த்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் பொட்டுக்கடலை மாவும் போட்டுப் பிசைய வேண்டும். முட்டை தேவையில்லை, பொட்டுக்கடலையே பிடித்துக்கொள்ளும். கறியில் கொழுப்பு இருக்கும், இதில் கிடையாது. அதனால் பிசையும்போதே இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால்தான் உள்ளே வறண்டு போகாமல் இருக்கும். உருட்டிப் பொரிக்கும்போது ஒரு உருண்டையை முதலில் போட்டுப் பார்த்து, எண்ணெயில் பிரிந்தால் இன்னும் கொஞ்சம் மாவு.

அம்மாவுக்குக் கறிக் கோலாவையும் இதையும் இரண்டு தட்டில் வைத்தோம். "கறிக் கோலா கறிக் கோலாதான்" என்று சொல்லிவிட்டு, இதில் சோம்பைக் குறைத்துச் சின்ன வெங்காயத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கறி அளவு பாதியாகிவிட்டது. மீதிப் பாதி உருண்டை இதில்தான். முன்கூட்டியே செய்து வைப்பதானால் வெங்காயம் சேர்க்காமல் உருட்டி ஃப்ரீசரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் விட்டுக்கொண்டு எண்ணெயில் வெடிக்கும். வெங்காயத்தைப் பொரிக்கும் அன்று பிசைந்துகொள்ளலாம்.